காரை விட்டு இறங்காத அண்ணை

நோர்பரி
12.01.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நானும் அம்மாவும் சுகம். உங்கள் இருமல் நின்றதா? அந்தப் பக்கம் பனி கொட்டுகிறதென்று டிவியில் சொன்னார்கள். காலுறை போட்டுத்தான் படுக்கிறீர்களா என்று அம்மா கேட்கச் சொன்னா.

கடைக்கு ஒரு பெரிய வேலை வந்திருக்கிறது. நவரத்தினம் அங்கிளின் அச்சுக்கடையில் இதுவரை நான் கணினியில் தட்டியதெல்லாம் கலியாணக் கார்ட், சாமத்தியவீட்டுக் கார்ட், செத்தவர்களின் முப்பத்தோராம் நாள் நினைவு மலர். இந்த முறை உயிரோடு இருக்கிறவருக்கு மலர். பரோனஸ் துசியந்தி அருட்பிரகாசத்துக்கு அறுபது வயது, மணிவிழா மலர் போடுகிறார்கள். பிரபுக்கள் சபையில் இருக்கிற எங்கட ஆள். 1998இல் கவுன்சிலர். ஈரம் பிடித்த கவுன்சில் வீடுகளில் பிள்ளைகள் இழுப்பு வந்து கிடக்க, அந்தச் சுவரில் பிடித்த பூஞ்சணத்தைச் சுரண்டிப் பையில் போட்டுக் கூட்டத்தில் மேசைமேல் கொட்டினவவாம். சபைக்குப் போய்ப் பன்னிரண்டு வருசத்தில் ஒன்பது சட்டமூலம் கொண்டுவந்திருக்கிறா. ஏழு தோல்வி, இரண்டு வெற்றி.

பத்தாவது இந்த வருசம் வருகிறது. கொலை நடந்த இடத்தில் சும்மா நின்றவனையும் வெட்டியவனையும் ஒரே கொலைகாரன் என்று உள்ளே போடுகிற வழக்கத்தை மாற்றுகிற சட்டமூலம். அந்தப் பக்கத்தைத் தட்டும்போது என் கை நின்றுவிட்டது. பிரவினை வெட்டியது உங்கள் சிநேகிதன் குகநாதன். காரில் இருந்ததற்கு உங்களுக்கு ஆயுள், குறைந்தது பதினெட்டு வருசம்.

மலர்க்குழுவின் விலாசத்துக்குப் பரோனஸுக்கு உங்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். வாயால் சொல்லச் சொன்னால் செத்துவிடுவேன்.

உடம்பைப் பாருங்கள்.
தங்கை கோசிகா


26.01.2025

கோசி,

நான் சுகம். இருமல் நிண்டிட்டுது. காலுறை இருக்கு எண்டு அம்மாவிட்டச் சொல்லு. ரெண்டு சோடி.

உன்ர கடிதத்தை நாலு தரம் வாசிச்சிட்டன். நீயாடி இது? பள்ளிக்கூடத்தில டீச்சர் பேர் கூப்பிட்டாலே மேசைக்குக் கீழ போற ஆள், பரோனஸுக்குக் கடிதம் போடுறா! டென்மார்க்கில இருந்து வரேக்க ட்ரெயினில டிக்கெட் காட்டவே அழுதனீ.

அவ கூப்பிட்டா போ. கோர்ட்டில சொன்னதையே சொல்லு. மேல் ஜன்னலால பாத்தனான், அண்ணை காரை விட்டு இறங்கேல்லை. அவ்வளவுதான். ஒரு சொல் கூட்டாதே, ஒரு சொல் குறைக்காதே. மிச்சத்தைப் பற்றி ஒருத்தரும் கேக்க மாட்டினம், நீயாத் திறக்காதே.

பயப்பிடாமல் எழுது. இஞ்ச ஒருத்தருக்கும் தமிழ் விளங்காது. கடிதத்தைத் திறந்து கஞ்சா இருக்கோ எண்டு மணந்து பாத்திட்டுத் தாறாங்கள்.

அம்மாவைக் கவனமாப் பார்.
அண்ணை லதீசன்


நோர்பரி
16.02.2025

அன்புள்ள அண்ணைக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை.

பரோனஸ் கடைக்கே வந்தா. சேலைக்குக் கீழே ஓடுகிற சப்பாத்து. மலர்ப் பக்கங்களைப் பார்த்துவிட்டு, "இதென்ன, வெண்டதை முன்னுக்குப் போட்டிருக்கு?" என்று கேட்டா. நவரத்தினம் அங்கிள், "அம்மா, மணிவிழா மலரில தோல்வியைப் போடுறதோ?" என்றார்.

"ஏழையும் முதல்ல போடுங்கோ. ஒரு வாக்கால தோத்தது இருக்கு, அதைக் கொட்டை எழுத்தில போடுங்கோ. அகதிப் பிள்ளையளைப் பூட்டி வைக்கக் கூடாதெண்டு கொண்டுபோனது. அண்டைக்கு ஒரு லோர்ட் சாப்பிடப் போயிட்டார். ரெண்டு வருசம் கழிச்சு அதையே வேறொரு சட்டமூலத்துக்குத் திருத்தமாக் கொண்டுபோய் வெண்டனான். தோத்ததைப் போடாட்டி வெண்டது எப்பிடியெண்டு ஆருக்கு விளங்கும்?"

பிறகு என் பக்கம் திரும்பி, "நீதானே கோசிகா? கடிதத்தில நல்ல வாய் இருக்கு. நேர எங்க?" என்றா. நான் நிலத்தைப் பார்த்தேன்.

அவவுக்கு ஒரு சுத்தமான கேஸ் வேண்டுமாம். சபையில் சொல்ல ஒரு பேர், ஒரு முகம். யூலையில் விவாதம். அதற்கு முந்தின நாள் அங்கே ஒரு அறையில் குடும்பங்கள் பேசுமாம், நானும் எழுதி வாசிக்க வேண்டுமாம். நீங்கள் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன். அண்ணை காரை விட்டு இறங்கவில்லை.

எழுதும்போது அம்மா பக்கத்தில் நின்று பார்த்தா. பிறகு போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்தா. பாத்திரம் ஒன்றும் கழுவக் கிடக்கவில்லை.

அன்புடன்
கோசிகா


02.03.2025

கோசி,

எல்லாரும் சுகம்தானே. நான் இருக்கிறன்.

ஒரு விசயம். குகன்ர ஆக்கள் கேள்விப்பட்டிட்டாங்கள். நான் சும்மா நிண்டனான் எண்டு பாராளுமன்றத்தில சொன்னா, வெட்டினது குகன் எண்டு திருப்பியும் நாடு முழுக்கக் கேக்கும். அவன் அப்பீலுக்கு நிக்கிறான். இஞ்ச அவன்ர மச்சான் ஒருத்தன் போன மாசம் வந்திருக்கிறான். ஜிம்மில என்னைப் பாத்துச் சிரிச்சவன். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

நீ தனிய நடந்து போகாதே. பஸ்ஸில போ. ஆனால் பரோனஸின்ர வேலையை நிப்பாட்டாதே.

லதீசன்


நோர்பரி
23.03.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் சுகம் என்று நம்புகிறேன். எனக்குக் காயம் இல்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

வியாழன் மத்தியானம் மூன்று பேர் கடைக்குள் வந்தார்கள். ஒருவன் கதவைப் பூட்டினான். ஒருவன் சுத்தியலால் முன்கண்ணாடியை உடைத்தான், உள்ளே நின்றபடியே. கண்ணாடி முழுவதும் நடைபாதையில் கொட்டியது. ஒரு மனிசி நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினா.

"ஆர் லதீசன்ர தங்கச்சி?" என்று கேட்டார்கள். கடையில் நானும் அங்கிளும் மட்டும்தான். ஆனாலும் கேட்டார்கள். அங்கிள், "இஞ்ச அப்பிடி ஒருத்தரும் இல்லை, தம்பியவை" என்றார். அவரின் கையைப் பிடித்துத் தாள் வெட்டுகிற மேசையில் வைத்தார்கள். இல்லை என்று சொன்னதற்காக ஒரு விரல், தம்பி என்று சொன்னதற்காக ஒரு விரல். சுத்தியல் விழும் சத்தம் மேசையில் விழுகிற மாதிரித்தான் இருந்தது. பிறகுதான் அங்கிள் கத்தினார். சுத்தியல் பிடித்தவன் என் காதுக்குக் கிட்ட வந்து, "கொண்ணன் உள்ளதான இருக்கிறான், எங்க ஓடப் போறான்?" என்றான். வாயில் ஸ்ட்ராபெரி வேப் மணம். என் வயதுதான் இருக்கும்.

நான் கத்தவில்லை. அன்றைக்கு ஜன்னலடியிலும் கத்தவில்லை. எனக்கு அது வராது போல.

அங்கிளுக்கு இரண்டு விரலும் முறிவு. பொலிஸிடம் முகம் தெரியாது என்று சொல்லிவிட்டார். என்னை வேலையால் நிற்பாட்டவில்லை.

உடனே பதில் எழுதுங்கள்.
கோசிகா


நோர்பரி
20.04.2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று ஒருவரும் சொல்கிறார்கள் இல்லை. என் கடிதத்துக்கு நாலு கிழமையாகப் பதில் இல்லை. சிறையில் இருந்து அம்மாவுக்குப் போன் வந்தது. ஏப்ரல் இரண்டாம் திகதி எரிகாயம், ஆஸ்பத்திரி, உயிருக்கு ஆபத்தில்லை. அவ்வளவுதான். அம்மா போனைக் காதில் வைத்தபடி நிலத்தில் இருந்துவிட்டா. அவர்கள் வைத்த பிறகும், "ஹலோ, ஹலோ" என்றா.

இன்னொன்று. சுசிலா அன்ரி கடைக்கு வந்தா. பிரவினின் அம்மா. முந்தி தோண்டன் ஹீத்தில் எங்கட வீட்டுக்கு நேர் எதிரே இருந்தவ இவ்வளவு கிழவியாகிவிட்டா. பிரவினின் பிறந்தநாளுக்கு நினைவு மலர் போட வேண்டுமாம். அங்கிள் என்னைப் பின்பக்கம் போகச் சொல்லிக் கண் காட்டினார். அவ, "அந்தப் பிள்ளையே தட்டட்டும். தெரிஞ்சுதான் வந்தனான்" என்றா.

அவ சொல்லச் சொல்ல நான் தட்டினேன். வொலிபோல் பரிசுகள், படித்த இடம். பிறகு மலருக்கில்லாததையும் சொன்னா. "அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். இடியப்பம் காஞ்சு கிடக்கெண்டான். விருப்பமில்லாட்டிக் கடையில போய்த் தின்னு எண்டு பேசிப்போட்டன். குசினியில புகை இழுக்கிற எக்ஸ்ட்ராக்டர் சத்தம், அவன் வெளியில போனதே எனக்குக் கேக்கேல்லை. பாதிச் சாப்பாட்டில எழும்பிப் போயிருக்கிறான். நான் பேசாட்டி அவன் கதவைத் திறந்திருக்க மாட்டான், பிள்ளை. வாசலில வாளோட நிண்டவைக்கு நானே அனுப்பி வைச்சனான்."

இரண்டரை வருசமாக அவ இடியப்பம் அவிக்கவில்லையாம்.

நான் தட்டிக்கொண்டே இருந்தேன், அண்ணை.

கோசிகா


11.05.2025

கோசி,

உயிரோட இருக்கிறன். இடக்கையால எழுதுறன், எழுத்துக் கோணல்.

குகன்ர மச்சான்தான், கேத்தில் தண்ணியில சீனி போட்டுக் கொதிக்க வைச்சு ஊத்தினவன். சீனி போட்டா வழியாது, ஒட்டும். வலப்பக்கக் கழுத்து, தோள், கை. தட்டப் போக உள்ளங்கையோட தோல் வந்திட்டுது. நான் கத்தினது மூண்டு மாடிக்குக் கேட்டதாம், பக்கத்து செல்காரன் நக்கலடிக்கிறான். கண் தப்பிச்சுது. அம்மாவிட்டக் கையெண்டு மட்டும் சொல்லு.

இனி எனக்கு அந்தப் பரோனஸ்தான். சட்டம் மாறினா வழக்கைத் திருப்பி எடுக்கலாம் எண்டு லோயர் சொல்லுறார். மாறாட்டி இன்னும் பதினைஞ்சு வருசம், இவங்களோட. நீ வாசிக்க வேண்டியது ஒரே ஒரு வரி. நீ சொன்ன வரி. உன்னை நான் இதுவரைக்கும் ஒண்டும் கேட்டதில்லை.

சுசிலா அன்ரியைப் பற்றி எழுதாதே.

அண்ணை


நோர்பரி
01.06.2025

அன்புள்ள அண்ணைக்கு,

தோல் வளர்கிறதா? மருந்து ஒழுங்காகப் போடுகிறார்களா? அம்மா விரதம் பிடிக்கிறா. நான் சாப்பிடுகிறேன், நித்திரைதான் இல்லை.

இந்தக் கடிதத்தை நீங்கள் கிழிப்பீர்கள். முழுதாக வாசித்துவிட்டுக் கிழியுங்கள்.

நீங்கள் காரை விட்டு இறங்கினீர்கள். சத்தம் கேட்டு நான் ஜன்னலுக்கு வரும்போது உங்கள் பக்கக் கதவு திறந்து கிடந்தது. பிரவின் ரோட்டைக் கடந்து எங்கட வாசலுக்கு ஓடி வந்தான். நீங்கள் அவனைப் பின்னால் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தீர்கள். குகநாதன் முதலில் தோளில் வெட்டினான். பிறகு கழுத்துக்குக் கீழே. மூன்றாவது வெட்டுக்குப் பிறகும் நீங்கள் விடவில்லை. அவன் கால் மடிந்த பிறகுதான் விட்டீர்கள். உங்கள் சேர்ட்டை அம்மா குளியல் தொட்டியில் ஊற வைத்தா. தண்ணீர் தேத்தண்ணி நிறமாகியது. பதினைந்து வயதில் நான் பார்த்தது இது. பதினாறு வயதில் கோர்ட்டில் சொன்னது வேறு. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் ஆர் என்ன கேட்டாலும் பொய்தான் வரப்போகிறது என்று பயமாக இருந்தது. அதனால்தான் படிப்பை விட்டேன், வீட்டில் சொன்ன மாதிரி ஆங்கிலம் வராததால் இல்லை.

செவ்வாய்க்கிழமை பரோனஸ் கடைசித் திருத்தம் பார்க்க வந்தா. நான் வாயால் சொன்னேன். "அன்ரி, கோர்ட்டில பொய் சொன்னனான். அண்ணை பிடிச்சு வைச்சிருந்தவர்."

அவ கண்ணாடியைக் கழற்றி மலர்ப் பக்கத்தின் மேல் வைத்தா. "இதை விவாதம் முடிஞ்ச பிறகு சொல்லியிருக்கலாமே" என்றா. அதைச் சொல்லிவிட்டு அவவே முகத்தைச் சுளித்தா. "இல்லை. நான் சொன்னதை விடு. நான் ஒரு லோயர், இனிக் கேக்காத மாதிரி இருக்க ஏலாது. உனக்கு ஒரு நல்ல சொலிஸிட்டர் பிடிச்சுத் தாறன். போய்ச் சொல்லு."

"அப்ப உங்கட சட்டமூலம்?"

"கேள், பிள்ளை. என்ர சட்டம் நாளைக்கே வந்தாலும் உன்ர அண்ணை உள்ளதான் இருப்பார். பிடிச்சவர் சும்மா நிண்டவர் இல்லை. ஆனா நிண்டவன், பிடிச்சவன், வெட்டினவன் எல்லாருக்கும் ஒரே பேர் எண்டா, ஆர் என்ன செய்தவை எண்டு உண்மை சொல்லி ஆருக்கு என்ன பிரயோசனம்? அதனாலதான் எல்லாரும் பொய் சொல்லினம். நீயும் சொன்னாய்."

அதற்குப் பிறகு அவ வேலை பார்க்கவில்லை. அங்கிள் கட்டுப்போட்ட கையால் தேத்தண்ணி கொண்டுவந்தார், குடிக்காமல் போய்விட்டா.

நான் வாசிக்கப் போவதில்லை, அண்ணை.

உங்கள் தங்கை
கோசிகா


15.06.2025

கோசிகாவுக்கு,

சுகம் கேக்கிறதுக்கு ஒண்டுமில்லை.

என்ர தோலை உரிச்சவனை விட நீ நல்லா உரிச்சுப் போட்டாய். எனக்குத் தங்கச்சி இல்லை. எழுதாதே. வராதே.

லதீசன்


நோர்பரி
06.07.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். எழுத வேண்டாம் என்றீர்கள், எழுதுகிறேன்.

பொலிஸ் நிலையத்தில் நாலு மணித்தியாலம் பேசினேன். சொலிஸிட்டர் பக்கத்தில் இருந்தார். பொய்ச்சாட்சிக்கு என்மேல் வழக்கு வரலாம், அப்போது வயது பதினாறு என்பதால் வராமலும் விடலாம். உங்கள் தை மாதக் கடிதம் அவர்களின் மேசையில் இருந்தது, ஆங்கிலத்தில். "ஒரு சொல் கூட்டாதே, ஒரு சொல் குறைக்காதே." மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். தமிழ் ஒருவருக்கும் விளங்காது என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம், அண்ணை. ஆரோ ஒருவர் எங்கட எல்லாக் கடிதத்தையும் வாசித்திருக்கிறார். இதையும் வாசிப்பார். வாசிக்கட்டும்.

வெள்ளிக்கிழமை விவாதத்தை மேல்மாடத்தில் இருந்து பார்த்தேன். ஒரு லோர்ட் எழும்பி, சில கிழமைக்கு முன்வரை ஒரு இளைஞனின் பேர் அடிபட்டதே, அது எங்கே என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். பரோனஸ் சொன்னா: அந்த இளைஞனை நான் குற்றமற்றவன் என்று நம்பினேன், பிழைவிட்டேன், அவர் கொலைக்குக் கை கொடுத்தவர். கை கொடாதவர்களும் அவரோடு உள்ளே இருக்கிறார்கள், ஆரென்று பிரித்துப் பார்க்க இந்தச் சட்டத்துக்குக் கண் இல்லை. அதற்காகத்தான் நிற்கிறேன்.

சட்டமூலம் அடுத்த கட்டத்துக்குப் போகிறது. கீழ்ச்சபையில் செத்துப்போகும் என்று அவவே சொல்கிறா. மலரில் தோல்விப் பக்கத்தில் ஓரிடம் வெறுமையாக விடச் சொன்னா.

ஓகஸ்ட் பதினேழாம் திகதி விசிட் போட்டிருக்கிறேன். நீங்கள் வெளியே வராவிட்டால் ஒரு மணித்தியாலம் கதிரையில் இருந்துவிட்டு வருவேன்.

கோசிகா


10.08.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் சுகம். தோல் வளந்திட்டுது, நிறம்தான் வேற. அம்மாவின்ர கால் எப்பிடி? நீ நித்திரை கொள்ளுறியா?

நீ பாத்தது சத்தம் கேட்டதுக்குப் பிறகு. அதுக்கு முதல் நடந்ததை நீயும் பாக்கேல்லை, கோர்ட்டிலயும் ஒருத்தரும் கேக்கேல்லை. கோயில் தேரில எல்லாருக்கும் முன்னால பிரவின் தன்னை அறைஞ்சதை குகனால தாங்க ஏலாமப் போச்சு. பிரவினை வெளியில எடுக்கோணும் எண்டான். வாள் பின் சீற்றுக்குக் கீழ கிடந்தது. எனக்குத் தெரியும். பயப்படுத்தத்தான் எண்டு நினைச்சன் எண்டு லோயரிட்டச் சொன்னனான். அதுவும் பொய். நான் ஒண்டும் நினைக்கேல்லை. குகன் சொன்னா நாங்கள் செய்யிறது.

நான் ரெண்டு தரம் ஹோர்ன் அடிச்சனான். வொலிபோலுக்கு ஏத்தப் போகேக்க அப்பிடித்தான் அடிக்கிறது, சின்னதா ஒண்டு, நீட்டா ஒண்டு. பிரவின் வீட்டுச் செருப்போட, வாயில இடியப்பத்தோட ஓடி வந்தவன். "மச்சான், இண்டைக்குப் பிராக்டிஸ் இல்லையே?" எண்டு சிரிச்சவன். குகன் வாளோட காரின்ர பின் கதவைத் திறக்கிற வரைக்கும் சிரிச்சவன். பிறகு எங்கட வாசலுக்கு ஓடினவன். எங்கட அம்மா கதவைத் திறப்பா எண்டு நினைச்சிருப்பான். நான் பிடிச்சனான். "லதீசன், விடு, லதீசன், விடு" எண்டு என்ர பேரைத்தான் சொன்னவன். குகனிட்ட ஒண்டும் கேக்கேல்லை.

இந்தக் கடிதத்தை வாசிக்கிற ஆள் ஆரோ, உங்களுக்கும் வணக்கம். ஒரு சொல்லும் விடாமல் இங்கிலீஷில மாத்துங்கோ. கீழ என்ர பேரும் நம்பரும் போட்டிருக்கு.

கோசி, பதினேழாம் திகதி நான் வெளியில வருவன். ஆனா அதுக்கு முதல் இதைக் கொண்டு சுசிலா அன்ரியிட்டப் போ. பொலிஸுக்கு முதல், பரோனஸுக்கு முதல். வாசலில நிண்டு கடிதத்தை நீட்டிப்போட்டு ஓடி வராதே, உன்ர பழக்கம் எனக்குத் தெரியும். உள்ள போய் இருந்து, வாயால சொல்லு. அவ பேசினதால அவன் எழும்பிப் போகேல்லை எண்டு சொல்லு. நான் கூப்பிட்டனான், அவன் வந்தவன்.

லதீசன்